எஸ்டேட் ஜீப்பும் நாலாவது பெட்டியும்

மெக்கானிக் தம்பிகளா, போன வாரம் என் மருமகனின் காரை எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, படித்ததும் அவருக்கே தெரிந்துவிடும். அங்கே ஒரு வேன் பானட்டைத் திறந்து போட்டபடி நின்றது. அதன் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டதாம். புதுப் பெட்டி போட்டார்களாம். அதுவும் போய்விட்டதாம். மூன்றாவதற்குச் சொல்லியனுப்பிவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் தம்பி போச்சு?" என்று கேட்டேன். "ஸ்கேனர்ல பெட்டி ஃபால்ட்டுன்னுதான் காட்டுது ஐயா" என்றார் அவர். நான் வாயை மூடிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை, அவ்வளவு எரிச்சல். அந்த எரிச்சலைத்தான் இங்கே எழுதித் தீர்க்கிறேன்.

பெட்டி செத்துப்போனதை ஸ்கேனர் சொல்லும். எதனால் செத்தது என்பதை வண்டியிடமும் வண்டியோடு புழங்குகிற ஆட்களிடமும்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்காமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. உங்கள் காலத்து வண்டி வேறு, எங்கள் காலத்து வண்டி வேறு என்பீர்கள். தெரியும். எண்பதுகளில் எங்கள் போடிநாயக்கனூருக்கு வந்து சேர்ந்த எலக்ட்ரானிக் பெட்டி வெறும் உள்ளங்கை அளவு ரெகுலேட்டர். ஆல்டர்நேட்டர் தரும் கரண்டை அளந்து விடுவது மட்டும்தான் அதன் வேலை. ஆனால் பெட்டி சாவதும், மாற்றுவதும், மாற்றியது மறுபடி சாவதும், கடைசியில் பழியை யார் தலையிலாவது கட்டுவதும் அன்றைக்கும் இதே லட்சணம்தான்.

அதற்கு முன்னால், நான் தொழில் பழகிய எழுபதுகளில், எல்லா ஜீப்புகளிலும் கரண்டு தந்தது டைனமோதான். கூடவே அதைக் கட்டுப்படுத்த, கட்-அவுட் என்று ஒரு டப்பா இருக்கும். முரட்டுச் சாமான்கள். மூடியைத் திறந்து, ஒட்டிப்போன பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து மூடினால் மறுபடி ஓடும். எலக்ட்ரானிக் பெட்டி அப்படியில்லை. உள்ளே தார் மாதிரி எதையோ ஊற்றி அடைத்திருப்பார்கள். திறக்கவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. போனால் போனதுதான். மதுரையில் சொல்லி, பஸ்சில் பார்சலாக வரவழைக்க வேண்டும். விலையும் சாதாரணமில்லை.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளி, தன் பழைய டீசல் ஜீப்பைத் தள்ளிவிட்டுப் புதிதாக இன்னொரு டீசல் ஜீப்பு வாங்கினார். ஆல்டர்நேட்டர் வைத்த ஜீப்பு. வாங்கிக் கொஞ்ச நாளிலேயே ரெகுலேட்டர் போய்விட்டது. சரி, கம்பெனிச் சாமான் மட்டமாக இருக்கும் என்று நினைத்து நான் புதுசு மாட்டினேன். அதுவும் போனது. வேறு கடையில் வாங்கி மூன்றாவது மாட்டினேன். அதுவும் போனது. ஒவ்வொரு தடவையும் ஆல்டர்நேட்டரைக் கழற்றிப் பார்த்தேன், ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தேன், எர்த்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மதுரைக் கடைக்காரரிடம் கேட்டால், "மலைல ஈரக் காத்து சார், அப்படித்தான் போகும்" என்றார். அதே மலையில், அதே ஈரக் காற்றில் ஓடிய மற்ற ஜீப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் சொன்னதும் அவர் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நாலாவது பெட்டியை முதலாளியே மதுரைக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு வந்தார். என் ஷெட்டுக்கு முன்னால் ஜீப்பு வந்து நின்றபோது அவர் முகமே சரியில்லை. ஓட்டிக்கொண்டு வந்த டிரைவர் சுருளி இறங்கவேயில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுருளிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அந்தத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பெண்டாட்டி பேச்சியோடு குடியிருந்தான். பழைய ஜீப்பு காலத்திலிருந்தே அவன்தான் டிரைவர்.

முதலாளி பெட்டியை என் மேசையில் வைத்தார். "மாட்டு. இது எத்தன நாளு தாங்குதுன்னு பாப்போம். இதும் போச்சுன்னா இவனக் கொண்டுபோயி டேசன்ல விட்டுர்றேன்."

"எதுக்கு மொதலாளி?" என்றேன்.

"எதுக்கா? நல்ல பெட்டியக் கழட்டித் தேனில வித்துட்டு, எங்கயோ கெடந்த செத்த பெட்டிய மாட்டிக் கொண்டாறான்யா. என் மச்சினன் சொல்லிட்டான், இதுக்குன்னே தேனில ஆளு இருக்காம்."

எனக்கு மண்டை சூடேறியது. நான் மாட்டுகிற எந்தச் சாமானாக இருந்தாலும் ஸ்க்ரூ மாட்டுகிற அதன் காதுக்கு அடியில் அரத்தால் ஒரு கீறல் போட்டுத்தான் மாட்டுவேன். என் வழக்கம் அது. செத்துப்போன பெட்டிகள் மூன்றில் நான் மாட்டிய இரண்டையும் எடுத்துக் கீறலைக் காட்டினேன். "இந்தா பாருங்க. நான் மாட்டுன பெட்டிதான் செத்துத் திரும்பி வந்திருக்கு. யாரும் மாத்தல."

அவர் கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கீறல் போடத் தெரிஞ்சவன் நீதான. அப்ப நீயும் கூட்டா?"

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? என் ஷெட்டில், என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, என்னைத் திருடன் என்கிறார். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, "வேற எடத்தப் பாருங்க" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவர் வேறு இடத்தைப் பார்த்திருப்பார். பக்கத்துத் தெருவிலேயே பெட்டியை மாட்டிக் கொடுக்க ஆள் இருந்தான். நாலாவதும் செத்திருக்கும். சுருளி டேசனில் உட்கார்ந்திருப்பான். அதனால் வாயைக் கட்டினேன்.

நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் கத்துகிறார், காய் பறிப்பு நேரம், வண்டி அவசரம், கையில் புதுப் பெட்டி தயாராக இருக்கிறது. மாட்டி அனுப்பிவிட்டு அடுத்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். தம்பிகளா, அவசரப்படுத்துகிறவர் எதிரே நிற்கும்போதுதான் கையை மெதுவாக வைக்க வேண்டும். அன்றைக்கு நான் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் பெட்டியை அங்கே மாட்டாததுதான்.

"இங்க மாட்ட மாட்டேன் மொதலாளி," என்றேன். "தோட்டத்துக்கு வந்து மாட்டுறேன். ஒரு ராத்திரி அங்கயே தங்கிக் காலைல வண்டி எப்படிக் கெளம்புதுன்னு பாக்கணும்."

"இது என்ன கல்யாண வீடா, வந்து தங்குறதுக்கு?"

"அப்ப பெட்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா டேசன்ல கேட்டா, பெட்டி மாறலன்னு நான் சொல்லுவேன்."

அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஏறுய்யா" என்றார். அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்து கூப்பிடவில்லை. தோட்டத்தில் வைத்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம்தான். நான் ஷெட்டில் நின்ற லாரிக்காரரிடம் கெஞ்சி ஒரு நாள் தவணை வாங்கிக்கொண்டு, கரண்டு அளக்கிற மீட்டரையும் பையையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் முதலாளி தூங்கிவிட்டார். நான் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி, சுருளியிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். "வண்டில வேற யாரும் கை வைக்கிறாகளா?"

"யாரும் தொடுறதில்லண்ணே."

"லைட்டு எப்படி எரியுது?"

"புதுப் பெட்டி மாட்டுனா ரெண்டு நாளைக்குக் காலைல பகலாட்டம் அடிக்கும்ணே. பெறகு மங்கிப் போயிரும். பல்பு வேற பீசாகிக்கிட்டே இருக்கு."

பகல் மாதிரி அடிக்கிறது என்றால் கரண்டு அளவுக்கு மீறிப் போகிறது என்று அர்த்தம். பல்ப் பீசாவதும் அதனால்தான். ஆனால் ஷெட்டில் வைத்து அளக்கும்போதெல்லாம் முள் சரியான இடத்தில்தான் நின்றது. காலையில் மட்டும் ஏன் மீறுகிறது? எனக்குப் பிடிபடவில்லை.

"சாயந்தரம், மத்தியானம்?"

"அப்பல்லாம் சரியாத்தான்ணே இருக்கு. காலைல மட்டும்தான்." பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அண்ணே, பெட்டி போனாப் போகட்டும். பெரட்டுல வச்சுச் சொல்லிட்டாருண்ணே."

பெரட்டு என்றால், காலையில் எல்லா ஆட்களையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அந்த வரிசைக்கு முன்னால் நின்று முதலாளி, "நம்ம வண்டி ஓட்டுறவனே திருடுறான்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பேச்சியை, காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் விடுவதில்லையாம். மூட்டையைத் தொடாதே என்று கங்காணி சொல்லிவிட்டாராம். மற்ற பெண்கள் அவள் பக்கத்தில் நிற்பதில்லையாம்.

"திருடன்னு பேரு விழுந்துருச்சுன்னா போடில எவன்ணே சாவி குடுப்பான்?" என்றான். கியரை மாற்றி அடுத்த வளைவில் வண்டியைத் திருப்பினான்.

தோட்டத்துக்குப் போனதும் வெளிச்சம் இருக்கும்போதே பெட்டியை மாட்டினேன். இஞ்சினை ஓட்டி, மீட்டரை வைத்து, லைட்டு போட்டு, ஹாரன் அடித்து, எல்லாவற்றையும் பார்த்தேன். முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இதைவிடச் சரியாக ஒரு வண்டி இருக்க முடியாது. முதலாளி பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "இப்ப நல்லாத்தான இருக்கு?" என்றார், என் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி.

சாயந்தரம் கை கழுவிவிட்டு வந்தபோது, "உள்ள வாய்யா, படம் பாரு" என்று கூப்பிட்டார். கொடைக்கானலில் டி.வி. டவர் வந்த புதிது. அந்தத் தோட்டத்தில் கரண்டு கிடையாது. ஆனால் வீட்டு ஹாலில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு ஆட்களும் கங்காணியும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் டி.வி.யைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே பலகையில் வைத்திருந்த பாட்டரியைப் பார்த்தேன். அந்தப் பாட்டரியின் முனையை ஈயம் உருக்கி ஊற்றிச் சரிசெய்தது நான்தான். அது எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? ஜீப்பின் பாட்டரி.

வெளியே வந்து பானட்டைத் தூக்கினேன். பாட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. இரண்டு ஒயரும் தொங்கிக்கொண்டிருந்தன.

கத்திவிடலாம் போல இருந்தது. மூன்று பெட்டியை விழுங்கியது இங்கே பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறது! ஆனால் கத்தவில்லை. கத்தியிருந்தால் முதலாளி, "காலைல திருப்பி மாட்டிருவோம்யா, அதுனால என்ன?" என்று சொல்லியிருப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். பாட்டரியைக் கழற்றினால் மட்டும் பெட்டி சாகாது. அது இல்லாமல் இஞ்சின் ஓடினால்தான் சாகும். ஓடுகிறதா என்று என் கண்ணால் பார்க்காமல் சொன்னால் அது இன்னொரு பழி, அவ்வளவுதான். போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விடியும் நேரம். ஸ்டோருக்கு முன்னால் சரிவில் ஜீப்பு நின்றது. போடியிலிருந்து வரும் பெண்கள் முந்தலில் காத்திருப்பார்கள், அவர்களை ஏற்றி வரச் சுருளி கிளம்ப வேண்டும். நான் மீட்டரை மாட்டிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவன் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டான். ஜீப்பு சத்தமில்லாமல் உருள ஆரம்பித்தது. கொஞ்சம் வேகம் பிடித்ததும் கியரில் விட்டான், இஞ்சின் எடுத்துக்கொண்டது. டீசல் இஞ்சினை இப்படி உருட்டிக் கிளப்பப் பாட்டரி வேண்டாம். மூடுபனி. லைட்டைப் போட்டான். மேலும் வேகம் கூடியதும் லைட்டு பளீரென்று எரிந்தது. மீட்டர் முள் எகிறியது. முதல் வளைவில் ஹாரன் அடித்துக் கையை எடுத்தான். முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் இடித்துக்கொண்டு நின்றது.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். அவன் பயந்துபோய் ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தான்.

"பாட்டரி எங்க?"

"வீட்டுக்குள்ள இருக்குண்ணே."

"அது எனக்கும் தெரியும். எடுத்து மாட்டிட்டுக் கெளம்புனா என்ன கேடு?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "மொதலாளி எந்திரிச்சிருக்க மாட்டாருண்ணே. அவரு எந்திரிக்காம எப்படிண்ணே கதவத் தட்டுறது? நான் போயிட்டு வந்தப்புறம் எடுத்துக் குடுப்பாக, மாட்டிக்கிடுவேன். பழைய ஜீப்பு காலத்துலருந்து அப்படித்தான. முன்ன ரேடியோவுக்கு எடுப்பாரு, இப்ப டி.வி.க்கு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"இத என்னண்ணே சொல்றது?"

அவன் சொன்னது நியாயம்தான். வருஷக்கணக்காகத் தினமும் நடக்கிற காரியத்தை யார் சேதி என்று எடுத்துச் சொல்வார்கள்? அவனுக்கும் தெரியவில்லை, முதலாளிக்கும் தெரியவில்லை. பாட்டரி ராத்திரி வீட்டுக்குள் போவதும், காலையில் ஜீப்பு சரிவில் உருண்டு கிளம்புவதும் அந்தத் தோட்டத்தில் மாட்டைத் தொழுவத்தில் கட்டுவது மாதிரி. பழைய டைனமோ அதைத் தாங்கிக்கொண்டது. ஆல்டர்நேட்டர் தாங்காது. மோட்டார் இறைக்கிற தண்ணீர் தொட்டியில் விழுந்து, தொட்டியிலிருந்து குழாய்க்குப் போனால் குழாய் நிற்கும். தொட்டியை எடுத்துவிட்டு மோட்டாரை நேராகக் குழாயில் சொருகிவிட்டு, குழாயைத் திறந்து மூடி விளையாடினால் எது உடையும்? அந்தத் தொட்டிதான் பாட்டரி. என் ஷெட்டுக்கு வண்டி எப்போதுமே வெயில் ஏறிய பிறகுதான் வரும். அதற்குள் பாட்டரியை மாட்டியிருப்பார்கள். நான் எத்தனை தடவை அளந்தாலும் எல்லாம் சரியாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

அதனால்தான் சொல்கிறேன், வண்டி உங்களிடம் வந்து நிற்கிற நிலையை மட்டும் பார்க்காதீர்கள். ராத்திரி எங்கே நிற்கிறது, காலையில் யார் எப்படிக் கிளப்புகிறார்கள், அதிலிருந்து எதையாவது கழற்றி எதற்காவது பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். அசட்டுக் கேள்வியாகத் தோன்றினாலும் கேளுங்கள்.

இருவரும் நடந்தே ஏறி வீட்டுக்குப் போனோம். சுருளி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டான். நான்தான் கதவைத் தட்டினேன். ஒரு தட்டு இல்லை, படபடவென்று தட்டினேன். முதலாளி போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"என்னய்யா, வண்டி கவுந்துருச்சா?"

"பாட்டரியக் குடுங்க."

"இதுக்கா எழுப்புன?"

"இதுக்குத்தான். உங்க பெட்டியத் திங்குறது தேனிக்காரன் இல்ல, உங்க டி.வி."

அவர் நம்பவில்லை. "பழைய ஜீப்புல இப்படித்தானய்யா ஓட்டுனோம்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது டைனமோ, இது ஆல்டர்நேட்டர் என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அதைவிடச் சுவரில் முட்டிக்கொள்வது சுலபம். கடைசியில் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் மாட்டி, வண்டியை ஸ்டோர் முற்றத்துக்கு ஏற்றி வந்து, இஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை அவர் கையிலேயே கொடுத்தேன். ஹாரன் அடிக்கச் சொன்னேன். முள் அசையவில்லை. பிறகு இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டரி ஒயரைப் பிடுங்கினேன். நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள். இன்றைய வண்டியில் செய்தால் உள்ளே இருக்கிற அத்தனை பெட்டியும் போகும். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. சுருளியை லைட்டைப் போட்டு ஹாரன் அடிக்கச் சொன்னேன். முள் எகிறியது. முன்பக்க பல்ப் ஒன்று டப்பென்று பீசானது. முதலாளி மீட்டரைக் கீழே போடப் பார்த்தார்.

இஞ்சினை அணைத்தேன். பெட்டி பிழைத்துக்கொண்டது. அது என் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

முதலாளி மீட்டரை என்னிடம் நீட்டினார். பிறகு என்ன சொன்னார் தெரியுமா? "அப்ப நான் நியூஸ் எதுல பாக்குறது?" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "டி.வி.க்குன்னு தனியா ஒரு பாட்டரி வாங்குங்க" என்றேன். "சரி சரி," என்றார். சுருளியைத் திரும்பிப் பார்க்காமலேயே, "பாட்டரிய மாட்டிட்டு வெரசாக் கெளம்பு. முந்தல்ல ஆளுக நிக்கிதுக" என்றார்.

என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன். சுருளி பாட்டரியை மாட்டினான், இறுக்கினான், பானட்டை மூடினான். ஆனால் வண்டியில் ஏறவில்லை.

"நான் எடுக்கல மொதலாளி," என்றான்.

"என்னது?"

"திருடன்னு பெரட்டுல வச்சுச் சொன்னீக. இல்லன்னும் பெரட்டுல வச்சுச் சொல்லுங்க. பெறகு எடுக்குறேன்."

எனக்கு அவன்மேல்தான் கோபம் வந்தது. முந்தலில் பெண்கள் பனியில் நிற்கிறார்கள், காய் பறிக்க ஆள் இல்லை, என் ஷெட்டில் லாரி காத்திருக்கிறது, இவன் இப்போது பிடிவாதம் பிடிக்கிறான்! "அதான் நிரூபிச்சாச்சேடா, ஏறு" என்று அதட்டினேன்.

"உங்களுக்கும் எனக்கும் அவருக்கும் நிரூபிச்சிருக்குண்ணே," என்றான். "பேச்சிக்கு நிரூபிக்கலையே."

நான் ஜீப்பை விட்டு ஒதுங்கி நின்றேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. பெட்டி ஏன் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நான் மலையேறி வந்தேன். அவனுக்கு அதுவா முக்கியம்? அந்தப் பெட்டி போனதால் ஒரு பெண் ஸ்டோருக்கு வெளியே நிற்கிறாள் என்பதை நான் முந்தின நாள் ஜீப்பிலேயே கேட்டிருந்தேன். கேட்டும் அதை என் வேலையில் சேர்க்கவில்லை.

பெரட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி சுருளியை முறைத்தார், ஜீப்பை முறைத்தார், கடைசியில் என்னையும் முறைத்தார். தோட்டத்தில் வேறு டிரைவர் கிடையாது. அவருக்கு ஓட்டத் தெரியாது. போர்வையை இறுக்கிக்கொண்டு முற்றத்தின் முனைக்குப் போய் நின்றார். லயத்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிட வாயைத் திறந்ததும் அவரைக் கையால் நிறுத்தினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெட்டி விசயம் முடிஞ்சு போச்சு. சுருளி மேல ஒண்ணுமில்ல. எல்லாரும் சோலியப் பாருங்க" என்று தன் காலடியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பப் போனார்.

"மொதலாளி," என்றான் சுருளி. "பின்னாடி நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

முதலாளி நின்றார். தலையைத் தூக்கி வரிசையின் கடைசியைப் பார்த்தார். அங்கே மற்றவர்களிடமிருந்து தள்ளி, முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி பேச்சி தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சுருளி எதையும் திருடல," என்றார். இந்தத் தடவை ஸ்டோருக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "பாட்டரியக் கழட்டி வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டது நான். பெட்டி அதுலதான் போச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

கங்காணி பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பேச்சியின் பெயர் வந்தது. அவள் நின்ற இடத்திலிருந்து பதில் சொல்லவில்லை. வரிசையை ஒட்டி நடந்து, எல்லாரையும் தாண்டி, முதல் ஆளாக முன்னால் வந்து நின்றுகொண்டு, "இருக்கேன்" என்றாள்.